இருபத்தைந்து சுற்று

மோகனப்பிரியாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. எடப்பாடியில் அவள் தறி ஓட்டும் பட்டறையில், பதினோரு மணி டீ வந்ததும் மற்றவர்கள் சாக்கை விரித்துக் காலை நீட்டிக்கொள்வார்கள். இவள் மட்டும் தம்ளரைக் கையில் பிடித்தபடி தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே குடிப்பாள். எட்டு விசைத்தறி அவள் பொறுப்பு. ஒன்றில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். முடித்துத் திரும்புவதற்குள் இன்னொன்றில் நூல் சுற்றிய தார் தீர்ந்திருக்கும். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை நடைதான். அது போதாது என்பது போல டீ நேரத்திலும் நடை.

"உன்ற கால்ல என்ன மோட்டாரா கட்டியிருக்குது? பாக்கற எனக்குக் கால் வலிக்குது புள்ள, உக்காரு" என்பாள் பக்கத்துத் தறிக்காரி பொன்னாத்தாள்.

"உக்காந்தா தூக்கம் வருதுங்க்கா."

அது பொய். உட்கார்ந்தால் அவளுக்கு எதுவோ தவறிப்போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றும். என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கணவன் தீனதயாளன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் வண்டி. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வருஷத்தில் பத்து மாதம் வடக்கேதான் ஓடும். அங்கே மழை பிடித்துத் துளை போட முடியாமல் போகும்போது மட்டும் ஊருக்கு வருவான். மகள் பிரீத்தியை மூன்று வருஷத்துக்கு முன்பு நாமக்கல்லில் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு வந்த வாரம் மோகனப்பிரியா வீட்டுக்குள் எத்தனை தடவை முன்னும் பின்னும் நடந்தாள் என்று அந்தச் சுவர்களைத்தான் கேட்க வேண்டும். பிறகு அரசுப் பள்ளி மைதானத்துக்கு நடக்கப் போனாள். ஒரு நாள் மழை தூறியது. வீட்டுக்கு விரைய நினைத்தவள் ஓடினாள். மழை நின்ற பிறகும் அவள் நிற்கவில்லை.

"ஆரு தொரத்துறாங்க சாமி?" என்று மைதான வாசலில் சோளம் விற்பவர் கேட்டார். மறுநாளும் கேட்டார். மூன்றாம் மாதம், "இன்னைக்கு லேட்டுங்களே" என்று கேட்க ஆரம்பித்தார்.

சேலத்தில் நடந்த ஒரு மினி மாரத்தானில்தான் வித்யா பழக்கமானாள். ஓமலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவள், முப்பத்தாறு வயது. அவள்தான் மாவட்டத் தடகளப் போட்டியைப் பற்றிச் சொன்னாள். முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்குப் பத்தாயிரம் மீட்டர். வட்டப் பாதையில் இருபத்தைந்து சுற்று. ஐம்பது நிமிடத்துக்குள் முடிப்பவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

"சுத்துக்கு ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான் கணக்கு. உங்களால முடியும்க்கா" என்றாள் வித்யா.

மோகனப்பிரியா பள்ளி மைதானத்தில் தானே ஓடிப் பார்த்ததில் ஐம்பது நிமிடம் நாற்பது விநாடி ஆனது. அந்த நாற்பது விநாடி அன்று முதல் அவளைத் தூங்கவிடவில்லை. பொழுது விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். தறிகளுக்கு நடுவே நடக்கும்போதும் நாற்பது. அரிசி களையும்போதும் நாற்பது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஓட ஆரம்பித்தால் அவளுக்குச் சுற்று எண்ண வராது. ஏழெட்டு வரை நினைவு இருக்கும். பிறகு மனசு துடைத்துவிட்ட பலகை மாதிரி ஆகிவிடும். அதனால் இடது மணிக்கட்டில் இருபத்தைந்து நூல் துண்டுகளைக் கட்டிக்கொள்வாள். சுற்றுக்கு ஒன்றாகப் பல்லால் கடித்து அறுத்துத் துப்புவாள். பட்டறைக்காரிக்கு நூலுக்கா பஞ்சம்.

ஆவணியில் போட்டி. தீனதயாளன் ஊரில் இருந்தான். வருகிற வியாழக்கிழமை வண்டி கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவள் நூலை எடுத்துக் கட்டத் தொடங்கியதும் அவன் சிரித்தான்.

"நான் கூட வாரேன், அப்புறம் எதுக்குப் புள்ள இந்தக் கங்கணம்? பாஞ்சு வருஷமா போர்க் குழிக்குள்ள எறங்குற ராடு எண்ணுறவன் நானு. எண்ணூறு அடி போனாலும் ஒரு ராடு தப்புனதில்ல. இருபத்தஞ்சு சுத்த எண்ண மாட்டனா?"

அவள் ஓடி அவன் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் அவளுடைய காரியம் ஒன்றுக்கு அவனாக வருகிறேன் என்று சொன்னதும் இதுதான் முதல் தடவை. நூலைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் கத்தாதீங்க. எனக்குப் படபடன்னு வரும். அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது. அப்புறம் கடைசி அஞ்சு மட்டும் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நேரத்தையும் சேத்துச் சொல்லுங்க."

"சரீங்க, மொதலாளி."

சேலத்து மைதானத்தில் ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பதினான்கு பெண்கள். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் அன்வர் பாட்சா இரண்டு உதவியாளர்களோடு தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரோட சுத்தையும் நாங்க எழுதிக்குவோம். ஆனா பதினாலு பேருக்கும் கத்திச் சொல்லத் தொண்டை கெடையாது. கடைசிச் சுத்து மணியும் முதல்ல வர்றவங்களுக்கு மட்டும்தான். மத்தவங்க உங்க உங்க ஆளைக் கேட்டுக்கங்கம்மா" என்றார்.

தீனதயாளன் மேசைக்குச் சற்றுத் தள்ளிப் படிக்கட்டில் இடம் பிடித்தான். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தான். துப்பாக்கி வெடித்தது.

முதல் சில சுற்றுகள் முழங்கையும் மூச்சுமாகப் போயின. வித்யாவின் பச்சை பனியனைப் பிடித்துக்கொண்டு மோகனப்பிரியா ஓடினாள். "அஞ்சு!" என்று அவன் குரல் கேட்டது. நேரம் சொல்லவில்லை, கைப்பேசித் திரை அணைந்துபோய் அதைத் தட்டிக்கொண்டிருந்தான். அவளும் கேட்க நிற்கவில்லை. அதற்குப் பிறகு சுற்றுகள் வழக்கம்போல ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன.

"பத்து! பதினேழு நிமிஷம் அம்பது!"

அவளுக்கு ஒரு கணம் காது அடைத்தது. பத்துச் சுற்றுக்கு இருபது நிமிடம்தானே? இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறதா? கால்கள் அப்படி ஒன்றும் பறப்பதாகத் தெரியவில்லையே. ஆனால் கூட்டத்தோடு ஓடினால் தன்னை அறியாமலே வேகம் வரும் என்று வித்யா சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த நாற்பது விநாடி போயே போய்விட்டது!

நம்பியவுடன் உடம்பு தளர்ந்தது. கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம். மூச்சைச் சேர்த்து வைப்போம், கடைசியில் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பச்சை பனியன் பத்தடி முன்னால் போனது, பிறகு முப்பதடி. போகட்டும் என்று விட்டாள். ஆனாலும் மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. எட்டுத் தறியில் ஒன்று நின்றுபோய், எது என்று கண்டுபிடிக்க முடியாமல் நடப்பாளே, அந்த அரிப்பு.

"இருபது! முப்பத்தெட்டு பத்து!"

இன்னும் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. முதலில் ஓடியவளுக்கு மணி அடித்தது, அவள் முடித்தும்விட்டாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. வெயில் கண்ணுக்குள் இறங்கியது. "இருபத்துநாலு!" என்றதும் மோகனப்பிரியா சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்தாள். கடைசி வளைவில் தொடை எரிந்தது. வாயில் உப்பு. படிக்கட்டில் தீனதயாளன் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினான்.

"இருபத்தஞ்சு! நாப்பத்தெட்டு அஞ்சு!"

கோட்டைத் தாண்டினாள். நின்றாள். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தாள். நாற்பத்தெட்டு! சிரிப்பு வந்தது, மூச்சு இல்லாததால் அது இருமலாக வெளிவந்தது. தலையை நிமிர்த்தியபோதுதான் பார்த்தாள்: முன்னால் போன வித்யா நிற்கவில்லை. பச்சை பனியன் வளைவில் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, எடப்பாடி!" என்று அன்வர் பாட்சா மேசையைத் தட்டி எழுந்தார். "எதுக்கு நின்னுட்டே? இன்னும் ஒண்ணு இருக்கும்மா! ஒண்ணு!"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் வீசிக் கத்தினான்: "நிக்காத புள்ள! கடைசி ராடு! எறக்கு, எறக்கு!"

அவன் என்ன சொல்கிறான் என்று யோசிக்க நேரமில்லை. அவள் ஓடினாள். நின்ற கால்களை மறுபடி கிளப்புவது, அறுந்துபோன பாவு நூலை ஒவ்வொரு இழையாக முடிச்சிடுவது போல இருந்தது. பாதி தூரத்துக்குப் பிறகு காலே தெரியவில்லை. கோபம் மட்டும்தான் ஓடியது. யார் மேல் என்றுகூட அப்போது தெரியாது.

கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தவளின் தலைமாட்டில் நிழல் விழுந்தது. அன்வர் பாட்சா தாளைப் பார்த்தபடி நின்றார்.

"அம்பது நிமிஷம் அஞ்சு செகண்டு" என்றார் மெதுவாக.

தீனதயாளன் ஓடி வந்தான். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எத்தனைன்னு சொன்னீங்க?"

"இருபத்தஞ்சுன்னு. வந்து கோட்டப் பாரு, சரியா இருக்குது."

"நான் இருபத்தஞ்சும் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"முடிஞ்சுதுன்னு ஆரு சொன்னா? ராடு மாட்டுறப்பவே ஒரு கோடு போட்டுருவோம். அது எறங்குறதுக்குள்ள கல்லு முட்டும், ஓஸ் பைப்பு புடுங்கும், நூறு சோலி வரும். அப்பப் போடாம உட்டா மறந்துரும். நீ கெளம்பும்போதே மொதக் கோடு போட்டுட்டேன். ஒவ்வொரு தடவ நீ இங்க வாரப்பவும் அடுத்தது..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். படிக்கட்டில் ஐந்தைந்தாகக் கட்டுப் போட்ட கோடுகளைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது.

"நான் என்ன ராடுங்களா?" என்றாள் மோகனப்பிரியா.

"ஏம்ப்பா" என்றார் அன்வர் பாட்சா, "முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தேன். பரீட்சை எழுதி முடிச்சப்புறம்தான் மார்க் போட்டிருக்கேன்."

தீனதயாளன் அவருக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சார், அஞ்சு செகண்டுங்க. அங்க நின்னதே ஆறு ஏழு செகண்டு இருக்குமுங்க. தப்பு என்னுதுங்க. அத எம்பேருல எழுதிட்டு, இவளுக்குக் கொறைச்சுக்குங்க."

"ஓடுனது அவங்க. உம்பேர்ல எழுத இங்க கட்டம் இல்லப்பா" என்றார் அவர். குரலில் கேலி இல்லை. "அடுத்த வருஷம் வாங்கம்மா. கடைசிச் சுத்து நல்லா ஓடுனீங்க."

நாற்பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடியில் முடித்த வித்யா, பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். "அக்கா, நடுவுல எங்க போனீங்க? பின்னால உங்க மூச்சுச் சத்தமே கேக்கல" என்றாள்.

மோகனப்பிரியா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும்போது அவன் பைக்கை ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தாரமங்கலம் தாண்டியதும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"திட்டிரு புள்ள. இப்படி ஊமையா வந்தீன்னா வண்டி ஓட்டக் கை வர மாட்டேங்குது."

அவள் சாலையோரத்து மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டத்தான் மைதானத்திலிருந்தே சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பச்சை பனியன் குறுக்கே வந்தது. பத்தடி, முப்பதடி. போகட்டும் என்று விட்டது. மிச்சம் இருக்கிறது என்று கேட்டதும் உடம்பு எவ்வளவு சுலபமாகத் தளர்ந்தது! சுற்றுக்கு இரண்டு மூன்று விநாடி. பத்துச் சுற்றுக்கு எவ்வளவு ஆகும்?

"நடுவுல நான் மெதுவாப் போயிட்டனுங்க" என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "ரெண்டு நிமிஷம் மிச்சமிருக்குதுன்னு நெனச்சு. மெதுவாப் போன்னு நீங்க ஒண்ணும் சொல்லல. நானாத்தான் போனேன்."

அவன் வேகத்தைக் குறைத்தான். "அப்ப எம்மேல தப்பில்லையா?"

"பாதி இருக்குது."

"பாதின்னா பரவால்ல" என்றான். பிறகு, "வியாழக்கெழம கெளம்புறனே, அதுக்குள்ள வேற எங்கயாச்சும் போட்டி இருக்குதா?" என்று கேட்டான்.

"இல்லீங்க. அடுத்த வருஷந்தான்."

அடுத்த வருஷம் என்று வாயால் சொன்னதும் பின்சீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. இப்படி நகர்ந்தாள், அப்படி நகர்ந்தாள். ஐந்து விநாடி. நாற்பது போய் இப்போது ஐந்து. ஜலகண்டாபுரம் தாண்டி, எடப்பாடிக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது அவன் தோளைத் தட்டினாள்.

"வண்டிய நிறுத்துங்க."

"ஏன், வாந்தி வருதா?"

"எறங்கோணும்."

இறங்கிச் செருப்பைக் கழற்றி வண்டிப் பெட்டிக்குள் போட்டு, ஓடும்போது போடும் காலணியை எடுத்து மாட்டி நாடாவைக் கட்டினாள். அவன் வாயைத் திறப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டாள். தொடை இரண்டும் கல்லாக இருந்தன. வேகமே இல்லை, எதிரே சைக்கிளில் வந்தவர் ஒதுங்கி நின்று பார்த்தார். வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

"முன்னால போங்க. பொகை அடிக்குது" என்று திரும்பாமலே சொன்னாள்.

அவன் முன்னால் போய்ப் பேருந்து நிறுத்தத்து நிழலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். அவள் பக்கத்தில் வந்ததும் பின்சீட்டைத் துண்டால் தட்டிவிட்டான். அவள் அவனைத் தாண்டி ஓடினாள்.