மாதவ் அறைக் கமோடு

என் கணவர் பத்ரிநாத்துக்கு மராத்தி நாட்டுப் போசரியில் ஒரு கியர் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வருகிற சாமான் எல்லாம் தப்பு என்று வைத்துக்கொண்டுதான் பார்க்கவே ஆரம்பிப்பார். ரிடையர் ஆனபின் கம்பெனி அவரை விட்டது, அவர் அந்த வேலையை விடவில்லை. கறிகாய்க்காரன் தராசு, கூரியர்க்காரன் நீட்டும் கையெழுத்து, என் தங்கை போனில் குரலைத் தாழ்த்திப் பேசுவது, எல்லாவற்றிலும் அவருக்கு ஏதோ இருக்கிறது. யாராவது சிரித்துப் பேசிவிட்டால் போதும், அன்று பூராவும் அதையே மென்றுகொண்டிருப்பார்.

எங்கள் பிள்ளை மாதவ் அமெரிக்காவில் இருக்கிறான். வந்தால் தங்க அவனுக்கு ஒரு அறை. அவன் கிளம்பிய கையோடு அதைப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொள்வார். கேட்டால் வேலைக்காரி மேல் சந்தேகம் என்பார். என் மேலும் உண்டு என்று எனக்குத் தெரியும்.

போன டிசம்பரில் வந்தவன் அந்த அறை பாத்ரூமில் அமெரிக்கக் கமோடு ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனான். பார்க்க மற்ற கமோடு மாதிரிதான். ஆனால் பீங்கான் தொட்டிக்குள் இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி. குழாய்த் தண்ணீர் வருகிற வேகத்தில் அதற்குள் காற்று இறுகி நிற்கும். பட்டனை அழுத்தினால் தடால் என்று ஒரு சத்தம், ஒரே தள்ளில் எல்லாம் போய்விடும். எட்டு மாடிக் கட்டடத்தில் நாங்கள் முதல் மாடி, அதனால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எங்களுக்கு நல்ல வேகத்தோடு வரும். மாதவ் போனான், அறை பூட்டியாயிற்று.

மே மாதம் தண்ணீர்க் கஷ்டம் வந்தது. விடிந்தால் மொட்டைமாடித் தொட்டி காலி. டேங்கர் வரவழைத்தும் போதவில்லை. மேல் மாடிக்காரர்கள் பல் தேய்க்கத் தண்ணீர் இல்லை என்று கத்தினார்கள். பம்ப் ஓட்டுகிற ரமேஷ் லாத்தூர்ப் பக்கத்து ஆள். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறையில் பெண்டாட்டியோடும் ஸ்கூல் போகிற பெண்ணோடும் குடியிருக்கிறான். வேலை போனால் அந்த அறையும் அன்றைக்கே போகும்.

இவர் பால்கனியில் நாற்காலி போட்டு அவனைக் கண்காணித்தார்.

"பக்கத்துல கட்டடம் கட்டறா பாரு, அவாளுக்குத் தண்ணி விக்கறான். மதிலோரமா நின்னுண்டு அந்த மேஸ்திரியோட என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?"

"பீடிக்கு நெருப்பு கேட்டிருப்பான். போங்கோன்னா."

"நீ எல்லாரையும் நம்பிண்டே இரு."

எங்கள் கட்டடத்துச் சொசைட்டிக் கமிட்டியிலும் இதையே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ரமேஷை அனுப்பிவிடுவது என்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம், தண்ணீர் பிடித்து வைக்க மாதவ் அறைப் பரணில் இருந்த அண்டா எனக்கு வேண்டியிருந்தது. இவரே வந்து திறந்து பக்கத்தில் நின்றார். உள்ளே சாத்தியிருந்த பாத்ரூமிலிருந்து உஸ் என்று சத்தம். கதவைத் தள்ளினால், கமோடுக்குள் தண்ணீர் நிற்காமல் வழிந்து போய்க்கொண்டிருந்தது.

"யாரோ உள்ள வந்திருக்கா," என்று முதலில் ஜன்னல் கம்பியைத்தான் ஆட்டிப் பார்த்தார்.

பிறகு அவருக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் முழித்துக்கொண்டார். மாதவ் அலமாரியில் வைத்துவிட்டுப் போன புது ஃப்ளஷ் பாகத்தை எடுத்து, முகர்ந்து, "டூப்ளிகேட்டாத்தான் இருக்கும்," என்றார். சுவரோரக் குழாயை மூடினார். உள்ளே இறுகிய காற்று வெளியேற ஒரு தரம் பட்டனை அழுத்திவிட்டு மூடியைத் தூக்கினார். பழைய பாகத்தின் தலைப் பள்ளத்தில் கொறடாவின் பிடியைக் கொடுத்துத் திருக, அது கழன்று வந்தது. அதன் ரப்பர் வளையம் பிய்ந்து தொங்கியது. மரையைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து, புதிய பாகத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவிக் கையாலேயே முறுக்கினார். குழாயைத் திறந்தார். தொட்டி நிறைந்தது, சத்தம் நின்றது. அழுத்தினார், தடால். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்போ இத்தனை நாளும் தண்ணி நம்மாத்துலதான் போயிண்டிருந்திருக்கு," என்றேன்.

"ஒரு கமோடு எட்டு மாடித் தண்ணியைக் குடிக்குமா? அசடு மாதிரி பேசாதே."

ஞாயிறு காலை மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. இவரே கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவார் என்று நம்பிப் போனேன். கார் நிறுத்துகிற இடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். இவர் எழுந்து ஹிந்தியில் ஆரம்பித்தார்: இன்றைக்குத் தொட்டி வழிகிறது, கூட்டம் என்றதும் பயந்துபோய் ரமேஷ் விற்பதை நிறுத்திவிட்டான், இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்லோரும் தலையாட்டினார்கள். மாடிப்படிக்கு அடியில் ரமேஷின் பெண்டாட்டி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். கறிகாய்க்காரன் கேட்டுச் சிரிக்கும் என் ஓட்டை மராத்தியில், பூட்டிய அறை, வழிந்த தண்ணீர், பிய்ந்த ரப்பர், எல்லாவற்றையும் கொட்டினேன்.

செக்ரட்டரி இவரைப் பார்த்து, "நிஜமா?" என்றார்.

இவர் சந்தேகப் பிராணிதானே ஒழியப் பொய்யர் இல்லை. ரிப்பேர் பண்ணியது நிஜம் என்றார். அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்றும் சொன்னார், அதற்குள் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரமேஷ் வேலையில் இருக்கலாம் என்று முடிந்தது. அவன் "காகூ", அதாவது மாமி, என்று என்னிடம் வந்து கும்பிட்டான்.

வீட்டுக்கு வந்து இவர் கத்தவில்லை. "உனக்கும் அவனுக்கும் எத்தனை நாளாப் பழக்கம்?" என்று மட்டும் கேட்டார். இந்த வயசில் இந்தக் கேள்வி.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் சோதிக்காமல் வாயில் வைத்தது என் காபி ஒன்றைத்தான். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவார், டம்ளரை வைப்பேன், குடிப்பார். திங்கட்கிழமை காலை டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார்.

"என்ன போட்டிருக்கே இதுல?"

"சர்க்கரை."

அப்படியே என்னிடம் நீட்டினார். "நீ மொதல்ல ஒரு வாய் குடி."

வாங்கினேன். எதிரே உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க, டம்ளரில் இருந்தது முழுவதையும் நானே குடித்தேன்.