எரியாத மாதத்துக்கு வந்த பில்

எண்ணூரிலிருந்து தேசம்மாவின் மருமகன் சைக்கிளில் வந்தபோது நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவன் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "பெரீம்மா, அத்தை பூட்ச்சி" என்றான். அடுத்த தெருவுக்கும் சொல்ல வேண்டுமென்று உடனே மிதித்துக்கொண்டு போய்விட்டான். நான் மிஷினை நிறுத்தவில்லை. அந்தக் கையை முழுக்கத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டிருந்தால் தேசம்மாவே திட்டியிருப்பாள்.

நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்தது எதையும் மறக்கிறவள் இல்லை. யார் என்ன சொன்னார்கள், எந்தப் புடவை கட்டிக்கொண்டு சொன்னார்கள் என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. தேசம்மாவைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தப்பிருந்தால் வந்து சொல்லட்டும். இருக்காது.

ராயபுரம் கரையில் அவள் மீன் ஏலம் விட்டதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டுமரம் கரை சேர்ந்ததும் மணலில் கொட்டிய மீனை மற்றவர்கள் பெரியதை மேலே வைத்து அடுக்குவார்கள். அவள் அதைக் காலால் ஒரு புரட்டுப் புரட்டி, அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்துவிட்டுத்தான் விலை கூற ஆரம்பிப்பாள். மரத்துக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். "மேல கீறத பாத்து வெல சொல்லாதமே, அடியில கைய வுட்டுப் பாரு" என்று வாங்க வந்தவளிடம் அவளே சொல்வாள். அதனால்தான் அவள் கூறிய மீனுக்கு யாரும் பேரம் பேசியதில்லை.

தேசம்மாவும் நானும் சேர்த்து ஐந்து குடித்தனம் ஒரே வீட்டில் இருந்தோம். சுதந்திரம் வந்த மறுவருஷம் வீட்டுக்காரர் கரண்டு இழுத்துக் கொடுத்தார். அறைக்கு ஒரு பல்பு. நடையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மீட்டர் பெட்டி. மாதம் பில் வந்தால் அதை ஐந்தாகப் பிரித்து, பெட்டிக்குக் கீழே இருக்கும் மாடத்தில் அவரவர் பங்கை வைத்துவிட வேண்டும். முன் அறை மாணிக்கம் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வருவார். அதுவரை தகராறு கிடையாது.

பிறகு என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் இரும்புக் கட்டு விழுந்து கால் போயிற்று. நான் தவணையில் தையல் மிஷின் எடுத்தேன். வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றிலிருந்து துணி வரும். பகலெல்லாம் சமையல், தண்ணீர், அவருக்குக் கட்டு மாற்றுவது. விளக்கு வைத்த பிறகுதான் மிஷினில் உட்கார முடியும். மில் சங்கு முதல் தடவை ஊதினால் மற்ற நான்கு அறையிலும் பல்பை அணைத்துவிடுவார்கள். என் பல்பு இரண்டாவது சங்கு வரைக்கும் எரியும். அந்த பல்பு இல்லையென்றால் என் அடுப்பு இல்லை.

பில் கொஞ்சம் ஏறிற்று. பக்கத்து அறை மங்கம்மா, அன்றைக்குக் கத்தரிப்பூ நிறப் புடவை கட்டியிருந்தாள், நடையில் நின்று கத்தினாள்.

"அவ ஒருத்தி துன்றதுக்கு நாம நாலு பேரும் அழணுமா? மொத்த பில்லும் தனம் பல்புதான். ஒயரை அறுத்து வுடுங்க!"

"அறுப்பியா? எங்கே, கைய வெய்யி பாக்கலாம்" என்றேன் நான்.

"நீ கால் ஒடிஞ்சவன் பொண்டாட்டின்னு பாத்துகினு கீறோம்."

அந்த ஒரு வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இனியும் மாட்டேன்.

மங்கம்மாவே ஒரு பந்தயமும் வைத்தாள். ஒரு மாதம் ஐந்து பல்பும் எரியக்கூடாது. பில் வராது, பெட்டியில் தப்பில்லை என்று தெரிந்துவிடும். மறுமாதம் நாலு பேர் மட்டும் எரிப்போம். அப்போது எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் திருடி யாரென்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு என் ஒயரை அறுத்துவிடுவது. எல்லாரும் தலையாட்டினார்கள். தேசம்மாவும் ஆட்டினாள். அவள் எனக்காக வாயைத் திறப்பாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை.

அந்த மாதம் ஐந்து அறையிலும் மண்ணெண்ணெய் விளக்கு. மங்கம்மா தன் அறை ஸ்விட்ச்சின் மேல் துணி கட்டி வைத்தாள், கை தவறிப் போட்டுவிடுவார்களாம். நான் மிஷினை வாசற்படிக்கு இழுத்துப்போட்டு, வெயில் இருக்கும் வரைக்கும் தைத்தேன். சிம்னி வெளிச்சத்தில் கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் தெரியவில்லை. கடைக்காரர் வந்து பாதித் துணியைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். "சீக்கிரம் ஆவட்டும், இல்லாங்காட்டி மீதியும் வேற எடத்துக்குப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தது. மீட்டர் பார்க்கிற ஆள் வந்தார், பார்த்தார், பில் கொடுத்தார்.

மங்கம்மா அலறிவிட்டாள். "இன்னாய்யா அநியாயம் இது? ஒரு பல்பு எரியல, எதுக்குயா பில்லு? கரண்டே துன்னல!"

அந்த ஆள் பயந்துபோய்ச் சைக்கிளைப் பிடித்தார். தேசம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு லோட்டா மோர் கொடுத்தாள். "கோச்சிக்காத நைனா. எனக்கு இங்கிலீசு தெரியாது. வரிக்கு வரி வெரலு வெச்சி சொல்லு. அடியில இன்னா கீதுன்னு பாக்கணும்."

அவர் விரல் வைத்துச் சொன்னார். இது ஓடிய யூனிட்டுக்கு, இந்த மாதம் ஒன்றும் இல்லை. இது மீட்டர் வாடகை. இது எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை. கம்பி இழுத்து வைத்திருக்கிறதே, அதற்கு.

தேசம்மா அந்தக் கடைசி வரியில் தானும் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"இது வலைப் பங்குமே!" என்றாள்.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். மீனைப் பிரிக்கும்போது வலைக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆட்களுக்குப் பிரிப்பார்கள். கடலுக்குப் போகாத வலை கூட வெயிலில் காய்ந்தால் இற்றுப்போகும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மீன் படலேன்னா வல நனையலன்னு அர்த்தமா? எரியாத மாசத்துக்கு இன்னா வந்திச்சோ, அது பொதுப் பங்கு. பெட்டி எல்லாருக்கும் கீது, அத்த அஞ்சா போடு. அதுக்கு மேல ஏறுனா எரிச்சவங்க தலையில போடு. ஒரு சங்கு வரிக்கும் எரிச்சா ஒரு பங்கு, ரெண்டு சங்குன்னா ரெண்டு பங்கு." பிறகு மங்கம்மாவைப் பார்த்தாள். "மொத்தமும் தனம் பல்புதான்னியே. அவ பல்பு ஒரு மாசமா தூங்கிகினு கீது. இத்த யாரு துன்னா?"

மங்கம்மா தன் ஸ்விட்ச்சில் கட்டிய துணியை அவிழ்க்கப் போனாள். அந்தப் பந்தயத்தை அவள் வைக்காமல் இருந்திருந்தால் பொதுப் பங்கு எவ்வளவு என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. அதுவும் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

தேசம்மா மேலும் எனக்குக் கோபம் வந்தது. எதற்கு ரெண்டு பங்கு? கால் போன வீடு என்று ஒரு சலுகை கிடையாதா? கேட்டேன். "கூட எரிக்கிற, கூட குடு" என்றாள். "பாவம்னு வுட்டா நாளைக்கு எவளாச்சும் சொல்லிக் காட்டுவா. பங்க குடுத்துட்டு எரிச்சா ஒருத்தி வாயத் தொறக்க முடியாது." அன்றைக்கு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்று சாயந்திரமே என் பல்பு எரிந்தது. இரண்டாவது சங்கு ஊதும்வரை மிஷினை மிதித்தேன். கடைக்காரர் எடுத்துக்கொண்டு போன துணி அந்த மாதமே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒயரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அவள் சொன்னதுதான் சரி. அவள் உயிரோடு இருக்கும்போது நான் அதைச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மகள் வந்து எண்ணூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனாள். மாதம் பிறந்தால், அங்கிருந்து மீன் கூடை தூக்கி வருகிறவளிடம் துணியில் முடிச்சுப் போட்டுப் பங்கைக் கொடுத்தனுப்பிவிடுவாள். "ஒன் பல்பே எரியலியே, எதுக்குக் குடுக்குற" என்று மாணிக்கம் சொல்லி அனுப்பினார். "பெட்டி சொவத்துலதான கீது" என்று பதில் வந்தது.

அவள் இறந்த மாதத்துப் பில் நேற்று வந்தது. முடிச்சு வரவில்லை. வராது. நான் என் பங்கை மாடத்தில் வைத்தேன். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் தேசம்மாவின் பொதுப் பங்கையும் வைத்தேன்.

சாயந்திரம் மாணிக்கம் எண்ணிப் பார்த்துவிட்டு நடையில் நின்று தலையைச் சொறிந்தார். "இன்னா கணக்கு இது? தேசம்மாவோட பங்கு ரெண்டு தபா கீதே!"

மங்கம்மா தன் அறை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. முறத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகத் தட்டினாள். அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது. வைத்ததை அவளும் திரும்ப எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

தேசம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். எந்தச் சண்டையிலும் யார் தின்றார்கள் என்று கேட்கும் முன்னால், பொதுப் பங்கை எடுத்துத் தனியே வைத்துவிடுகிறேன். மிச்சத்துக்குத்தான் சண்டை போடுகிறேன். மங்கம்மாவுக்கும் எனக்கும் நடுவில் பொதுவாக என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தது. நேற்று மாடத்தில் அது இருந்தது.