எதிர் வீட்டுக்கு ஓர் ஆட்டோ

ஆடுகோடியில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, ஓசூர் ரோட்டின் மறுபக்கம், கௌரம்மாவின் வீடு. பெங்களூரில் என் அம்மாவுக்கு இருந்த ஒரே சினேகிதி அவர். தினமும் மாலையில் இருவரில் ஒருவர் ரோட்டைக் கடந்து போய்ப் பேசிக்கொண்டிருப்பார்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தி நடுவே கம்பிவேலி போட்டார்கள். ஆபீசுக்குச் சீக்கிரம் போகலாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். தூரம் சுற்றி நடக்க முடியாத மூட்டுவலிக்காரர்களான இருவரும் அவரவர் வாசலில் நின்று கையசைத்துக்கொள்வதோடு சரி.

ஒரு நாள் காலையில் கௌரம்மாவின் மகன் போன் செய்தான். "அக்கா, அம்மா போயிட்டாங்க. இப்போ எடுத்துடுவோம், சீக்கிரம் வாங்க."

அம்மாவை ஆட்டோவில் ஏற்றினேன். "எதிர் வீட்டுக்கா மேடம்?" என்று டிரைவர் நம்பாமல் கேட்டார். தூரத்துச் சிக்னல் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். அங்கே கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம்.

"கௌரம்மா முகத்தைப் பார்த்துடலாம் இல்லடி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒருவழியாகத் திரும்பி, வீடு கண்ணுக்குத் தெரிந்தபோது, மாலை போட்ட வேன் வாசலை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். முன்னாலிருந்த கார்கள் வழிவிடவில்லை. அம்மா ஆட்டோவுக்குள்ளேயே கைகூப்பினாள்.

"பின்னாடியே போகட்டுமாம்மா?" என்றார் டிரைவர்.

"வேணாம்பா. பொம்பளைங்க அங்க போய் என்ன பண்றது?"

சில வருடங்கள் கழித்து அந்த இடத்தில் நடைமேம்பாலம் கட்டினார்கள். மெதுவாக ஏறிப் பார்க்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் யார் இருக்கா?" என்றாள்.