மேடைக்குப் பின்னால் ஒரு குளிசை

மைக்கைச் சோதிக்கும்போது நாகேந்திரம் எண்களைச் சொல்வதில்லை. "கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை" என்று பஸ் போகிற ஒழுங்கில் ஊர்களைச் சொல்வார். "அல்லேலூயா எண்டு சொல்லிச் சோதியுங்கோவன்" என்று ஒரு சபைக்காரர் கேட்டதற்கு, "அது உங்கடை சாமான். நான் தொடமாட்டன்" என்றாராம்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் அவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார். ஒரு பழைய வான், இரண்டு அம்ப்ளிபயர், சில ஸ்பீக்கர் பெட்டிகள், கூடை நிறைய வயர். கோயில் திருவிழா, கத்தோலிக்கரின் நவநாள், சுகமளிக்கும் கூட்டம், கல்யாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் போவார். கடவுள் இல்லை என்பதை யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்வார். "எல்லாச் சாமியும் என்ரை அம்ப்ளிபயராலைதான் கதைக்கினம். நான் ஸ்விச்சை நிப்பாட்டினால் ஒருத்தரும் கதைக்கிறேல்லை" என்பது அவருடைய வழக்கமான பகிடி. சொல்லிவிட்டு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

ஆனால் கத்தோலிக்கப் பள்ளியின் திருநாள் என்றால் அவருக்கு உயிர். புனிதரின் சுரூபம் வீதிக்கு வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வயரைத் தூக்கிப் பிடிப்பார். மந்திரித்த பாணை வாங்கி அங்கேயே நின்று தின்பார். "நம்பிக்கை இல்லாதவனுக்கு என்னத்துக்குப் பாண்?" என்று யாராவது சீண்டினால், "பசி இருக்கே" என்பார். அவருக்கு ஒத்துவராதது ஒன்றுதான். நல்லாய் இருக்கிற மனிதனைப் பிடித்து இருத்தி, நீ நல்லாய் இல்லை என்று சொல்லித் தன் பக்கம் இழுக்கிற வேலை. பைபிளோடு கதவைத் தட்டுகிறவர்களுக்குக்கூட பிளேன்டீ கொடுப்பார். குடித்து முடிகிறவரைதான் கேட்பார். கோப்பை காலியானதும் எழும்பிக் கதவைத் திறந்துவிடுவார்.

அவருடைய மனைவி நேசம் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கோயிலும் இல்லாமல் பள்ளியும் இல்லாமல், கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் பதிந்து கட்டிய கல்யாணம். பிறகு நேசம் வெள்ளவத்தைச் சபை ஒன்றுக்குப் போகத் தொடங்கினார். நாகேந்திரம் தடுக்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் அந்தச் சபைக்கு ஸ்பீக்கர் போடுகிறவரும் அவர்தான். அதனால் இருவரும் ஒரே வானில் போய் ஒரே வானில் வருவார்கள். ஒருவர் கும்பிட, மற்றவர் சத்தம் பார்க்க.

தொண்ணூற்றாறில் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, வயரும் பற்றரியும் ஏற்றிய வானைத் தமிழன் ஒருவன் காலி ஊருக்குப் போகும் வீதியால் ஓட்டிப்போவது லேசான காரியமாக இருக்கவில்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டிகளை இறக்கி, திறந்து, மூடி, ஏற்றவேண்டும். அதற்கு வழி காட்டியவர் சபையின் போதகர், பாஸ்டர் சவுந்தரநாயகம். அவருடைய வீடும் கொட்டாஞ்சேனையில்தான். வெள்ளைச் சேட்டோடும் பைபிளோடும் அவர் முன் சீற்றில் ஏறிக்கொண்டால் சோதனை பாதியாகக் குறையும். நாகேந்திரத்துக்கு நேரம் மிச்சம். பாஸ்டருக்கு வாகனம் மிச்சம். போகிற வழியெல்லாம் பாஸ்டர் அவரை மனந்திரும்பச் சொல்வார். அதுவும் கூலியில் ஒரு பகுதி என்று நாகேந்திரம் எடுத்துக்கொண்டார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஒரு கிழமை நாளில், நேசம் அடுப்படியில் தலைசுற்றி விழப் பார்த்தார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; நாள்தோறும் மாத்திரை போடவேண்டும். காலில் ஒரு புண்ணும் ஆறாமல் கிடந்தது. நாகேந்திரம் பிடித்து இருத்தியபோதுதான் விசயம் வெளியில் வந்தது.

"குளிசை போட்டனியே?"

"இல்லை. நிப்பாட்டிப்போட்டன்."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. விசுவாசம் எண்டால் முழுசா வைக்கவேணும். ஒரு கையிலை குளிசையையும் மற்றக் கையிலை கர்த்தரையும் பிடிக்கேலாது. வாற ஞாயிறு நான் சாட்சி சொல்லப்போறன்."

சாட்சி என்பது சபையில் ஒரு வழக்கம். சுகம் கிடைத்தவர் மேடையில் ஏறி, கிடைத்த விதத்தை எல்லோருக்கும் சொல்லவேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டால் திரும்பிப் போவது கஷ்டம். பிறகு குளிசையைத் தொட்டால் சபை முழுவதற்கும் முன்னால் பொய்யாகிவிட்ட மாதிரி. நேசம் அப்படிப்பட்ட வெட்கத்தைத் தாங்குகிறவர் அல்ல. சாட்சி சொல்லிவிட்டால், புண்ணால் காலையே எடுக்கவேண்டி வந்தாலும் குளிசையைத் தொடமாட்டார் என்பது நாகேந்திரத்துக்குத் தெரியும்.

வேறொன்றும் தெரியும். தான் வாயைத் திறந்தால் காரியம் கெடும். அவிசுவாசி ஒருவன் குளிசை போடு என்று சொன்னால், அது சோதனை, அதை வெல்லவேண்டும் என்றுதான் நேசம் நினைப்பார். ஊரெல்லாம் வாதாடித் திரிந்த மனிதன் தன் வீட்டுக்குள் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நேசம் பாட்டுப் பழக முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார். வானில் பாஸ்டரும் நாகேந்திரமும் மட்டும். வான் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது.

"என்ன அண்ணை, இண்டைக்கு என்னோடை சண்டை பிடிக்கேல்லை?" என்றார் பாஸ்டர்.

நாகேந்திரம் நடந்ததைச் சொன்னார். பாஸ்டரின் முகம் மாறியது.

"நான் ஒருநாளும் மருந்தை நிப்பாட்டச் சொல்லேல்லை, அண்ணை."

"நிப்பாட்டாதேங்கோ எண்டும் சொல்லேல்லையே, பாஸ்டர்."

"சொன்னால் சனம் என்ன நினைக்கும்? பாஸ்டருக்கே விசுவாசம் காணாது எண்டு நினைக்கும்."

பம்பலப்பிட்டியில் ஒரு சிப்பாய் கையைக் காட்டி மறித்தான். வயர்க் கூடையைப் பார்த்ததும் இரண்டு அடி தள்ளி நின்றான். "மே மொனவாத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"பல்லியே வெடக், மல்லி" என்று பாஸ்டர் பைபிளை உயர்த்திக் காட்டினார். பள்ளி வேலை என்றதும் சிப்பாய் நாகேந்திரத்தைப் பார்த்தான். நாகேந்திரம் தலையை ஆட்டினார். வானைப் போகவிட்டார்கள்.

"பாத்தீங்களோ, உங்களையும் கர்த்தர்தான் காப்பாற்றுறார்" என்றார் பாஸ்டர்.

"காப்பாற்றட்டும். நான் சொல்லுறதை இப்ப கேளுங்கோ. ஒவ்வொரு கூட்டத்திலையும் ரெண்டாவது பாட்டு நடக்கேக்கை நீங்கள் பின்னாலை வாறனீங்கள். அம்ப்ளிபயர் பெட்டிக்குப் பின்னாலை நிண்டு பிறஷர்க் குளிசை போடுறனீங்கள். தண்ணிப் போத்தல் தாறது நான்."

பாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "இப்ப என்னை வெருட்டுறீங்களோ?"

"சீ. இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, இனியும் சொல்லமாட்டன். நீங்கள் ஒண்டும் செய்யாட்டியும் உங்கடை மைக் வேலை செய்யும். பின்னாலை போடுறதை இண்டைக்கு ஒருக்கா முன்னாலை நிண்டு போடுங்கோ எண்டு கேக்கிறன். அவள் என்ரை சொல்லுக் கேளாள். உங்கடை சொல்லுக் கேப்பாள்."

வெள்ளவத்தை வரும்வரை பாஸ்டர் பைபிளை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபம் செய்கிறாரா, கோபமா என்று நாகேந்திரத்தால் சொல்ல முடியவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. போர் கூடக் கூட சபைகளும் நிறைந்தன. வடக்கில் பிள்ளையைத் தேடுகிறவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், லொட்ஜ் அறையில் தனித்திருந்து அலுத்தவர்கள். நேசம் மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சேலையோடு இருந்தார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் பாஸ்டர் வழக்கம்போலப் பின்னால் வந்தார். நாகேந்திரம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பாஸ்டர் அதை வாங்கினார், ஆனால் திறக்கவில்லை. போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே சனம் பாடிக்கொண்டிருந்தது. பிறகு போத்தலோடு மேடைக்குத் திரும்பி நடந்தார்.

பாட்டு நின்றது.

"எனக்குப் பிறஷர்" என்றார் மைக்கில். "கனகாலமா இருக்கு. எடுத்துவிடும் எண்டு கர்த்தரிட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். அவர் இன்னும் எடுக்கேல்லை. டொக்டரைத் தந்தவரும் அவர்தான். உங்களுக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பீங்களோ எண்டு வெக்கப்பட்டு இவ்வளவு நாளும் குளிசையை ஒளிச்சு நிண்டு போட்டனான். அது பிழை. ஆரும் குளிசையை நிப்பாட்டியிருந்தால், இண்டைக்கே திரும்பத் தொடங்குங்கோ. ஜெபத்தையும் விடாதேங்கோ."

சட்டைப் பையிலிருந்து குளிசையை எடுத்து வாயில் போட்டார். மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் தண்ணீர் விழுங்கிய சத்தம் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் 'மடக்' என்று கேட்டது. வேறு நாளென்றால் அப்படிப்பட்ட சத்தம் வருமுன்னரே நாகேந்திரம் அதைக் குறைத்துவிடுவார். அன்று கையை எடுத்துக்கொண்டு சும்மா நின்றார்.

பின் வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழும்பி, "அல்லேலூயா!" என்று கத்தினார். மண்டபம் முழுவதும் சேர்ந்து கத்தியது. ஒரு குளிசைக்கு அப்படியொரு அல்லேலூயாவை நாகேந்திரம் அதுவரை எந்தச் சபையிலும் கேட்டதில்லை.

சாட்சி நேரம் வந்தது. நேசம் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"எனக்குச் சீனி. இந்தக் கிழமை நான் குளிசை போடேல்லை. சுகம் வந்திட்டுது எண்டு இண்டைக்குச் சொல்ல வந்தனான்." பாஸ்டரின் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். "வரேல்லை. வீட்டை போய்க் குளிசை போடப்போறன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

இந்தமுறை அல்லேலூயா சொன்னவர்களை விடச் சிரித்தவர்கள் அதிகம். நேசமும் சிரித்தார்.

திரும்பி வரும்போது வானில் நேசம் இருவருக்கும் நடுவில் இருந்தார். "இஞ்சேருங்கோ, கர்த்தர் பாஸ்டரோடை கதைச்சிருக்கிறார். இல்லாட்டி எனக்கெண்டே சொன்னமாதிரி வருமோ?"

பாஸ்டர் நாகேந்திரத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தவரை நாகேந்திரம் கண்ணால் மறித்தார்.

"கதைச்சிருப்பார்" என்றார் நாகேந்திரம், கியரை மாற்றிக்கொண்டு.

"கர்த்தர் தன்ரை வேலைக்கு ஆரையும் பாவிப்பார், அண்ணை" என்றார் பாஸ்டர் மெல்ல. "நம்பாதவனையும்."

"பாவிச்சால் வாடகை தரச்சொல்லுங்கோ."

அந்தச் சபையில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவது பாட்டு முடிந்ததும் பாஸ்டர் போத்தலைத் திறப்பார். மண்டபமெங்கும் கைப்பைகள் திறபடும், குளிசை மட்டைகள் சரசரக்கும். பிறஷர், சீனி, மூட்டு வருத்தம், எல்லாம் ஒன்றாக உள்ளே போகும். புதிதாக வந்த ஒருவர், இது வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று நாகேந்திரத்திடம் கேட்டாராம். "எனக்கு வேதம் தெரியாது, தம்பி. சத்தம் மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். நேசம் குளிசையை விழுங்கிவிட்டு, போத்தலைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.