அம்மாவின் ஹை ஸ்கோர்

போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பொம்மைக் கடையில் தொங்கிய ஒன்றைப் பார்த்ததில் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். பிரிக் கேம். நீங்களும் ஆடியிருப்பீர்கள்: சாம்பல் திரை, ரப்பர் பட்டன், மேலிருந்து விழும் கட்டைகள். இடைவெளி விடாமல் அடுக்கினால் வரிசை மறையும். அட்டையில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று போட்டிருப்பான், உள்ளே நாலைந்துதான் தேறும். சின்ன வயதிலும் அதை நம்பினேன், இப்போதும் நம்பி வாங்கினேன்.

பேட்டரி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புது பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. எங்களுடையதில் துருவும் மல்லாட்டைத் தூசியும் கலந்து அடிக்கும்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர்.

அந்தத் தூசி அம்மாவின் கையிலிருந்து வந்தது. ஒலக்கூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். விதைக்கு மல்லாட்டை உடைத்து உடைத்து அம்மாவின் கட்டைவிரல்களுக்கு அப்படி ஒரு வேகம். பாண்டிச்சேரியிலிருந்து மாமா எனக்கு வாங்கி வந்த கேமை, நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அவள் எடுத்துப் பழகிவிட்டாள். என் கட்டைகள் தாறுமாறாக ஏறி மேலே முட்டி நிற்கும். அம்மா ஓரத்தில் ஒரு சந்து விட்டு நீளக் கட்டைக்காகக் காத்திருப்பாள். அது வந்து இறங்கியதும் நாலு வரிசை ஒன்றாகப் போகும். பெருமை தாங்காமல் வகுப்பில் போய்ச் சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை.

அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. அணைத்து வைத்தாலும் ஹை ஸ்கோர் இருக்கும், பேட்டரியைக் கழற்றினால் அழிந்துவிடும். ஒருநாள் கிரிக்கெட் வர்ணனை கேட்க அப்பா அந்த பேட்டரிகளைக் கழற்றி ரேடியோவில் போட்டுக்கொண்டார். வீட்டில் யாரும் நெருங்க முடியாத அம்மாவின் ஸ்கோர் பூஜ்யமாகிவிட்டது.

அம்மா சத்தம் போடவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. கடைசியில் அப்பாதான் பொறுக்க முடியாமல், வெறும் நம்பர்தானே, திரும்ப அடித்துக்கொண்டால் போகிறது என்றார்.

"நெலம் உங்க அப்பா பேர்ல. வூடு உங்க பேர்ல. என் பேர்ல இருந்தது அது ஒண்ணுதாங்க."

மறுநாள் மல்லாட்டை மூட்டையோடு திண்டிவனம் மண்டிக்குப் போன அப்பா, புது பேட்டரி வாங்கி வந்து அம்மாவின் கையில் கொடுத்தார். ஒரு தீப்பெட்டி வாங்கவே ரெண்டு தரம் யோசிக்கிற மனிதர்.

"இது உன்னுது. ரேடியோவுக்கு வேற வாங்கிக்கினேன்."

அன்று சாயங்காலம் அம்மா ஆட, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். பழைய ஸ்கோரைத் தாண்டியபோது சந்தோஷத்தில் கத்தியது நான்தான். ஆனால் ஊருக்கே சொன்னது அப்பா. டீக்கடையில் யாராவது பிள்ளையின் மார்க்கைச் சொன்னால், இவர் பெண்டாட்டியின் ஸ்கோரைச் சொல்வார்.

கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. ஆனாலும் மேட்ச் நடக்கும்போது பேட்டரி தீர்ந்து ரேடியோ கம்மினால் அவர் கண் அலமாரிப் பக்கம் போகும். அம்மா கேமைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். தேடுவதுபோல அவரும் டப்பாக்களை உருட்டுவார்.

ரேடியோ எப்போதோ ஒழிந்தது. அப்பா போய் மூன்று வருடமாகிறது.

வாங்கியதை ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் கொஞ்சம் மரத்துப் போயிருந்தன, ஓரத்துச் சந்து மட்டும் மாறவில்லை. முதல் ஆட்டத்திலேயே நான் தொடாத ஸ்கோர். எனக்கு மறுபடியும் வகுப்பில் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஆடி முடித்து அணைத்தவள், கேமை டிவி பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளிக்கவில்லையா என்று கேட்டேன்.

"யார்கிட்டேர்ந்துடா ஒளிக்கிறது?"