தாடைத் தாங்கி

துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். ஸ்பிரிட் நெடி மூக்கை அறுத்தது. அதையும் மீறிக்கொண்டு அந்த நாற்றம்... பல நாள் கட்டுப் பிரிக்காத புண்ணின் நாற்றம்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நட்டநடுப் பகலில், கண் பரிசோதகர்களை உருவாக்கும் அரசுக் கல்லூரியில், அதன் முதல்வரான எனக்கு நடந்தது இது.

"மெஷினுக்கே கண்ணு வலி வந்துடுச்சா மேடம்?" என்றாள் ஆயா, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. "காலையிலேர்ந்து நானும் துடைச்சுட்டேன். திரும்பிப் பார்த்தா ஊறி நிக்குது."

மெஷின் என்று அவள் சொன்னது ஸ்லிட் லாம்ப்பை. நோயாளி இந்தப் பக்கம் தாங்கியில் தாடையை வைப்பார். நாங்கள் அந்தப் பக்கம் இரட்டைக் குழல் வழியே அவர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்போம். தாங்கியில் தாள்கள் அடுக்கியிருக்கும். ஆளுக்கொரு தாள், ஆள் எழுந்ததும் கிழித்துவிட வேண்டும்.

கிழித்தேன். அடியில் இருந்த தாளும் ஈரம். மஞ்சளாக, சளி போல, விரலோடு நூலிழுத்துக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு. போன முறையே 'சுத்தம் போதாது' என்று முகம் சுளித்துவிட்டுப் போனவர்கள். இன்னொரு குறை கண்டால் அங்கீகாரம் ரத்து. நூற்றிருபது பிள்ளைகளின் படிப்பு அம்போ.

"புதுத் தாள் கட்டு எடுத்துட்டு வா. ஓடு!"

ஆயா ஓடினாள். திரையிட்ட இருட்டறை. நான் மட்டும்.

விளக்காவது எரிகிறதா என்று போட்டுப் பார்த்தேன். ஸ்லிட் லாம்ப்பில் உட்கார்ந்தால் முதல் வேலை, குழல்களை நம் பார்வைக்குத் தக்கபடி திருகிக்கொள்வது. ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு கண்ணாக. மாணவர்களுக்கு நான் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

வலது கண்ணை மூடினேன். இடது கண்ணில் வெறும் ஒளிக்கீற்று. சரி.

இடது கண்ணை மூடினேன். வலது கண்ணில்...

ஒரு கண்.

எதிரே நாற்காலி காலி. ஆனால் குழலுக்குள் கண். ஊதிப்போய், இமை முழுக்கப் பீளை. நடுவில், கருவிழி இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக ஓர் ஓட்டை. கச்சிதமாக வெட்டி எடுத்த ஓட்டை. மேல் விளிம்பில் மட்டும் சின்னதாகக் கத்தி பிசகிய பிசிறு.

ஓட்டையிலிருந்து சொட்டியது.

டப்...

டப்...

தாங்கியில்.

"மேடம்?"

அலறாதது என் அதிர்ஷ்டம். வாசலில் குழுத் தலைவர். பின்னால் புதுக் கட்டோடு ஆயா. பதற்றத்தில் அவளே புதுத் தாளை மாட்டினாள்.

"மெஷின் ஓடுதா, இல்ல காட்சிக்கு வெச்சிருக்கீங்களா?" தலைவர் என் இடத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பக்கம் வாங்க. உங்க கண்ணையே பார்த்துடலாம்."

"ஸ்டூடன்ட் யாரையாவது..."

"ஏன், உங்க மெஷின்ல தாடை வைக்க உங்களுக்கே கூசுதா?"

நூற்றிருபது பிள்ளைகள். வைத்தேன்.

ஜில்லென்று ஒட்டியது. கொழகொழவென்று தாடையில் ஏறியது. நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. உதட்டில் ஏதோ பட்டது...

அசையவில்லை.

தலைவரின் கன்னத்தோடு இன்னொரு கன்னம். ஊதிப்போன கன்னம். அதுவும் குழலுக்குள் குனிந்து பார்த்தது.

என் வலது கண்ணை.

வலது கண்ணை மூடி, இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். தலைவர் மட்டும்தான்.

"நிமிருங்க." அறை விளக்கைப் போட்டார். "மெஷின் நல்லாருக்கு. ரூமும் சுத்தமா இருக்கு. அங்கீகாரத்துக்குக் கவலை வேண்டாம்."

தாடையைத் தடவினேன். காய்ந்திருந்தது. தாளும் காய்ந்திருந்தது.

கதவருகே போனவர் திரும்பினார்.

"கேக்க மறந்துட்டேன். உங்க வலது கண்ணு, ஒட்டு வெச்ச கருவிழிதானே?"

"ஆமா சார். ஏழு வருஷமாச்சு."

"யாரோடதுன்னு தெரியுமா?"

"இறந்தவங்க யாரோ தானம் பண்ணினது. பேர் சொல்ல மாட்டாங்களே சார்."

"பளிங்கு மாதிரி இருக்கு. மேல் விளிம்புல ஒரு இடத்துல மட்டும் சின்னப் பிசிறு. எடுக்கும்போதே கத்தி பிசகியிருக்கு." சிரித்தார். "கொடுத்தவர் கண்ணுலயும் அதே பிசிறு இருந்திருக்கும்."