கவாத்துப் படாத தேயிலை

மீனாட்சிபுரத்தில் அப்பாவின் மாடுகளை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. ஒன்பதாம் வகுப்பையும் முடிக்காதவனுக்கு வேலை கிடைப்பது கஷ்டமில்லை. நிலைப்பதுதான் கஷ்டம். காந்தலூரில் பூண்டு பிடுங்கினேன். வண்டிப்பெரியாரில் லாரிகளில் சுமை இறக்கினேன். காட்டுக்குள் செடி பிடுங்க ஆள் எடுக்கிறார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன்.

அது வெளியாட்கள் நுழைய முடியாத மழைக்காடு. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம், பரவிக்கிடக்கும் உண்ணிச்செடி, இவற்றை அகற்றிவிட்டு அந்தக் காட்டுக்கே உரிய நாற்றுகளை நட வேண்டும். உள்ளே பழைய தேயிலை எஸ்டேட் ஒன்று இருந்தது. குத்தகை முடிந்து நிலம் காட்டோடு சேர்ந்துவிட்டது. அங்கே நிற்கிற தேயிலையும் இப்போது வெளியாள்தான்.

எங்கள் பிரிவில் நாலு பேர். நான், வனத்துறை வாட்சர், ஒரு அக்கா, அவர் கணவர். வாட்சர் மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். அக்காவும் அண்ணனும் வேறொரு எஸ்டேட்டில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள். லீவு போட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த கூலிக்கு, நாற்றுக்கூடையைத் தலையில் வைத்து நடந்துகொண்டிருந்தார்கள்.

அன்று மழை விடவில்லை. பாதை என்று ஒன்றும் கிடையாது. வாட்சர் வெட்டிக்கொண்டே போன இடம்தான் பாதை. காலில் புகையிலைத் தண்ணீர் தடவியிருந்தும் அட்டைகள் என்னை விடவில்லை.

"அட்டை பூராம் ஒன்கிட்டத்தான் வருது பாரு. பால் கறக்குற ஊர்க்காரனுக்கு ரத்தமும் இனிப்பா இருக்கும் போல," என்றார் அண்ணன்.

"உங்களுது கசக்குமுங்க, அண்ணா. பீடி ரத்தம்."

"நல்லா கேளு தம்பி," என்று அக்கா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஓடைக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றபோது கேட்டேன். "ஏனுங்க அக்கா, இருக்கற வேலைய உட்டுப்போட்டு இந்தக் கூலிக்கு எதுக்குங்க வந்தீங்க?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "மேல ஒரு பிள்ளையப் பொதைச்சிருக்கேன் தம்பி. எடம் தெரியுதான்னு பாக்கணும்."

அவருக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை. மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. ரோடு சரிந்து ஜீப் வரவில்லை. அந்தப் பழைய எஸ்டேட்டில் அப்போது அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், மேட்டில் புதைத்தார்கள். அண்ணன் நர்சரியிலிருந்து ஒரு தேயிலை நாற்றை எடுத்துவந்து தலைமாட்டில் நட்டார்.

தேயிலையைக் கவாத்து வெட்டிக் குட்டையாக வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கொழுந்து கைக்கு எட்டாது. அந்த ஒரு செடியில் மட்டும் யாரும் கொழுந்து கிள்ளவில்லை, கத்தி வைக்கவில்லை. எஸ்டேட்டை மூடி எல்லோரும் இறங்கிய வருஷம் மலையிலேயே ஆள் உயரத்துக்கு மேல் நின்ற தேயிலை அது ஒன்றுதான்.

"கீழ ரோட்டுல நின்னாலே தெரியும்," என்றார் அக்கா.

மத்தியானத்துக்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தோம். லயத்தில் சுவர்கள் மட்டும் பாசி பிடித்து நின்றன. ஒரு வீட்டின் அடுப்படியில் மரம் முளைத்து ஓடில்லாத கூரை வழியாக மேலே போயிருந்தது. அண்ணன் அதற்குள் எட்டிப் பார்த்தார். "நம்ம வீடுதான்," என்றார். அக்கா வீட்டைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மேடு முழுவதும் தேயிலை மரம். இத்தனை வருஷம் கவாத்து இல்லாமல் எல்லாச் செடியும் ஓங்கி வளர்ந்து வெள்ளைப் பூ பூத்து நின்றது. தனியாக உயர்ந்தது என்று எதையும் காட்ட முடியவில்லை.

அக்கா கூடையை இறக்கினார். ஏதோ யோசித்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு மரத்தின் அடியாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். கவாத்துப் பட்ட செடி முழங்கால் உயரத்திலேயே நாலைந்தாகக் கிளைத்திருக்கும். அவர் தேடியது ஒற்றைத் தண்டு. மழையில் நாங்களும் குனிந்து தேடினோம். வாட்சரும் தேடினார்.

மேட்டின் ஓரத்தில் அது இருந்தது. தொடை கனத்தில் ஒரே தண்டு, வெட்டுத் தழும்பு இல்லாமல். அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வாட்சர் சொன்னார். "அக்கா, இந்த மேடு முழுக்க எடுக்கணும்னு ஆர்டர். வேரோட."

"தெரியும்யா. மண்ணைத் தோண்டாதீக. அது ஒண்ணுதான் கேக்குறேன்."

"நான் விட்டுட்டுப் போகலாம். அடுத்த வருஷம் வேற ஆளு வந்து தோண்டும். அவங்களுக்கு இது தெரியுமா?"

வாட்சர் தண்டைச் சுற்றி வந்து பார்த்தார். "வெட்டிட்டு, அடிக்குத்தியில தோலை மண்ணுவரைக்கும் உரிச்சுட்டா தளிர்க்காது. தோண்டவே வேண்டாம். வாட்டில்ல அப்படித்தான் செய்றோம்."

அக்கா அண்ணனைப் பார்த்தார். "யாரோ வந்து வெட்டவா? நாமளே வெட்டுவோம்."

அண்ணன் வெட்டினார். முதல் வெட்டுக்கு முன் கை நின்றது, அப்புறம் நிற்கவில்லை. மரம் சாய்ந்ததும் மேலே வானம் கொஞ்சம் தெரிந்தது. அக்கா உட்கார்ந்து சிறு கத்தியால் அடிக்கட்டையின் தோலை உரித்தார். நான் உதவப் போனேன். "வேணாம் தம்பி, நான் பாத்துக்கிடுதேன்," என்றார். கடைசியில் கட்டை ஈரமாக, வெளுப்பாக இருந்தது.

வாட்சர் கூடையிலிருந்து ஒரு காட்டு நாவல் நாற்றை எடுத்துக் கொடுத்தார். "கொஞ்சம் தள்ளிக் குழி எடுத்து நடுங்க. இதை ஆரும் பிடுங்க மாட்டாங்க. இந்தக் காட்டோடது."

அக்கா நட்டுக் காலால் மிதிக்காமல் கையால் மண்ணை அழுத்தினார். பிறகு மேட்டைச் சுற்றிப் பார்த்தார். சீசன் முடிவதற்குள் அங்கே எல்லாம் இதே நாற்றுத்தான் நிற்கும்.

"இன்னொருக்க வந்தா எது நம்மளோடதுன்னு தெரியாதே," என்றார்.

"தெரியாட்டிப் போகுது," என்றார் அண்ணன். "நிக்கட்டும்."

வழக்கமாக நாற்று நடுவதை நாங்கள் பிரித்துக்கொள்வோம். அன்று கூடையில் மீதியிருந்ததை எல்லாம் அக்கா ஒருவரே நட்டார். ஒவ்வொன்றுக்கும் கையால்தான் மண் அழுத்தினார். இருட்டத் தொடங்கியது, யானை இறங்கும் நேரம். எப்போதும் அவசரப்படுத்துகிற வாட்சர், அன்று கத்தியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.